தான் கொழுக்க, தன் குதிரை மெலிய

 



மின்பரில் எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்ற வாதம் நம்மிடையே அவ்வப்போது எழுவதுண்டு. தொழுகை, நோன்பு, கப்று, மறுமை ஆகியவை தவிர்ந்த எதுவும் குத்பாவுக்கு உரியதன்று என்று எண்ணுவோர் பலர். எகிப்தின் முதலாவது முஸ்லிம் ஆளுநரான அம்ர் இப்னுல் ஆஸ் (ரழி) அவர்கள் ஃபுஸ்தாத் நகரப் பள்ளிவாசலில் நிகழ்த்திய ஒரு ஜும்ஆ உரையை அவர்கள் கேட்டிருப்பார்களாயின் திகைத்துப் போயிருப்பார்கள். அவ்வுரையின் பெரும்பகுதி புல்லைப் பற்றியது; பாலைப் பற்றியது; எல்லாவற்றுக்கும் மேலாகக் குதிரையின் உடம்பைப் பற்றியது.

ஹிஜ்ரி 257 இல், அதாவது கி.பி. 871 இல், மறைந்த வரலாற்றாசிரியர் இப்னு அப்தில் ஹகம் (ரஹ்) அவர்கள், எகிப்தின் வெற்றி பற்றிய தமது நூலில் இச்சம்பவத்தைப் பதிவு செய்துள்ளார்கள். அதை அறிவிப்பவர் பஹீர் இப்னு தாகிர் அல்மஆஃபிரீ என்பவர். அன்று அவர் தந்தையுடன் ஜும்ஆவுக்குச் சென்றிருந்தார். குளிர்காலத்தின் இறுதி, கிறிஸ்தவர்களின் ஒரு பெருநாள் முடிந்து சில தினங்களே ஆகியிருந்தன. கைகளில் சாட்டையுடன் காவலர்கள் கூட்டத்தை ஒழுங்குபடுத்தினார்கள். அப்போது நடுத்தர உயரமும் பெரிய தலையும் அகன்ற கண்களும் கொண்ட ஒருவர், வேலைப்பாடு மிக்க ஆடை அணிந்து மின்பரில் ஏறினார். இவர் யார் என்று தாம் தந்தையிடம் வினவியதையும் அறிவிப்பாளர் கூறுகிறார். இத்தகைய சிறு விபரங்களே ஓர் அறிவிப்புக்கு உயிரூட்டுகின்றன என்பது என் எண்ணம்.

அம்ர் (ரழி) அவர்கள் முதலில் ஸகாத்தையும் உறவினரைப் பேணுவதையும் வலியுறுத்தினார்கள். வீண் விரயத்தையும் வீண் பேச்சையும் கண்டித்தார்கள். பின்னர் உரை வானத்தை நோக்கித் திரும்பியது. இன்ன நட்சத்திரம் சாய்ந்துவிட்டது, இன்னது உதித்துவிட்டது, வானம் தெளிந்தது, நோய் குறைந்தது, மேய்ச்சல் செழித்தது, சினையாயிருந்தவை ஈன்றுவிட்டன என்று பருவத்தை அடுக்கிக் கூறிவிட்டு, நாட்டுப்புறத்துக்குப் புறப்படுங்கள் என்றார்கள். அங்குள்ள பாலையும் இறைச்சியையும் உண்ணுமாறும், குதிரைகளை மேய்த்துக் கொழுக்க வைத்துக் கண்ணியமாகப் பேணுமாறும் பணித்தார்கள். எதிரியிடமிருந்து அவர்களைக் காக்கும் கேடயம் அக்குதிரைகளே அல்லவா? அங்கு வாழும் கிப்தி மக்களோடு நல்ல முறையில் நடக்க வேண்டும் என்ற நபிகளாரின் வஸிய்யத்தையும், அதைத் தமக்குச் சொன்னவர் கலீஃபா உமர் (ரழி) அவர்களே என்பதையும் சேர்த்துக் கூறினார்கள்.

அடுத்து வந்தது எச்சரிக்கை. தன் உடலைக் கொழுக்க வைத்துக்கொண்டு தன் குதிரையை மெலியவிட்ட ஒருவன் வந்து நிற்பதைத் தாம் காண நேரக் கூடாது என்றார்கள். ஆட்களை அணிவகுத்துப் பார்வையிடுவது போலவே குதிரைகளையும் தாம் பார்வையிடப் போவதாகவும், தக்க காரணமின்றிக் குதிரையை மெலிய வைத்தவனின் கொடுப்பனவை அந்த அளவுக்குக் குறைத்துவிடப் போவதாகவும் அறிவித்தார்கள். செடியின் தண்டு காய்ந்து, ஈ பெருகி, பால் புளிக்கும் காலம் வரும்போது, ஃபுஸ்தாத்துக்குத் திரும்பிவிடுங்கள் என்பதோடு உரை முடிவுற்றது.

நேயர்களே, இந்த எச்சரிக்கையின் நுட்பம் கவனிக்கத்தக்கது. உமர் (ரழி) அவர்கள் ஏற்படுத்திய திவான் பதிவேட்டின்படி ஒவ்வொரு வீரனுக்கும் பொது நிதியிலிருந்து கொடுப்பனவு வழங்கப்பட்டது. அதில் குதிரையின் பராமரிப்பும் அடங்கியிருந்தது. குதிரையின் பங்கைத் தன் வயிற்றுக்குள் போட்டுக்கொள்பவன் மெத்தனக்காரன் மட்டுமல்லன். பொதுச் சொத்தைக் கையாடியவனும் ஆவான். கணக்குப் புத்தகத்தைத் திருத்தி எழுதலாம். குதிரையின் விலா எலும்பைத் திருத்தி எழுத முடியாது. ஆளுநர் அந்த எலும்பையே கணக்கேடாக வாசித்தார்கள்!

"தக்க காரணமின்றி" என்ற நிபந்தனையும் சாமானியமானதன்று. மெலிந்த குதிரை ஒவ்வொன்றும் பட்டினி கிடந்த குதிரையல்ல. வயது முதிர்ந்து பல் தேய்ந்த குதிரை, எவ்வளவு தீனி போட்டாலும் அதைச் சரியாக அரைக்க மாட்டாது மெலியும். குடலில் புழு பெருகியதும் மெலியும். குட்டிக்குப் பாலூட்டும் பெட்டைக் குதிரை தன் உடற்சத்தையே பாலாக்கிக் கொடுத்து மெலியும். இவற்றுக்கு உரிமையாளனைத் தண்டிப்பது அநீதி. ஆகவே பார்வையிடுபவருக்கு மெலிவைக் காணும் கண் மட்டும் போதாது. மெலிவின் காரணத்தைப் பிரித்தறியும் அறிவும் வேண்டும். கூபாவில் உமர் (ரழி) அவர்கள் நான்காயிரம் குதிரைகளை எப்போதும் ஆயத்த நிலையில் வைத்திருந்ததாகவும், அவற்றுக்குப் பொறுப்பாக ஸல்மான் இப்னு ரபீஆ அல்பாஹிலீ அவர்களை நியமித்ததாகவும் வரலாற்றாசிரியர் தபரீ (ரஹ்) கூறுகிறார்கள். குதிரைகளைப் பற்றிய அறிவினாலேயே அவருக்கு "குதிரைகளின் ஸல்மான்" என்ற பெயர் ஏற்பட்டது.

இனி அந்த அறிவு எத்தகையது என்பதைப் பார்ப்போம். அல்குர்ஆனிலேயே மெலிவைக் குறிக்க இரு வேறு சொற்கள் வந்துள்ளன. யூஸுஃப் அத்தியாயத்தில், எகிப்திய மன்னன் கனவில் கண்ட ஏழு கொழுத்த பசுக்களை ஏழு மெலிந்த பசுக்கள் தின்கின்றன. அங்கு மெலிந்தவற்றுக்குரிய சொல் "இஜாஃப்". அது பஞ்சத்தின் மெலிவு. எலும்பும் தோலுமான நிலை. அல்ஹஜ் அத்தியாயத்திலோ, தூரமான வழிகளிலிருந்து ஹாஜிகளைச் சுமந்து வரும் வாகனப் பிராணிகளைக் குறிக்க "ழாமிர்" என்ற சொல் ஆளப்படுகிறது. அது பயணத்தால் இறுகிய மெலிவு. தேவையற்ற கொழுப்பு கரைந்து தசை திரண்ட நிலை. தமிழில் இரண்டையும் "மெலிந்த" என்றே நாம் மொழிபெயர்த்துவிடுகிறோம். ஒட்டிய வயிறும் ஒட்டகச் சிவிங்கிக் கழுத்தும் கொண்ட பிள்ளையையும், ஓட்டப் பந்தயத்துக்குப் பழகிய பிள்ளையையும் ஒரே சொல்லால் அழைப்பது போன்றது அது. குதிரைக்காரனின் கலை முழுவதும் இவ்விரண்டு சொற்களுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளப்பதிலேயே தங்கியுள்ளது.

நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை வயிறு முதுகோடு ஒட்டிப்போன ஓர் ஒட்டகத்தைக் கடந்து சென்றார்கள். வாயற்ற இந்தப் பிராணிகளின் விடயத்தில் அல்லாஹ்வை அஞ்சுமாறும், அவை நல்ல நிலையில் இருக்கும்போதே அவற்றில் சவாரி செய்யுமாறும், நல்ல நிலையில் இருக்கும்போதே அவற்றை உண்ணுமாறும் கட்டளையிட்டார்கள். ஸஹ்ல் இப்னுல் ஹன்ழலிய்யா (ரழி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது. வயிற்றுக்கும் முதுகுக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கண்ணால் அளந்து வழங்கப்பட்ட தீர்ப்பு அது.

ஆயினும் குதிரையின் விடயத்தில் கண் ஏமாற்றிவிடும். குளிர்நாட்டில் அடர்ந்து வளர்ந்த ரோமம் விலாவை மறைக்கும். வைக்கோல் மாத்திரமே தின்ற குதிரையின் வயிறு தொங்கும். அதைப் பார்த்து "நன்றாகச் சாப்பிட்டிருக்கிறது" என்று அறியாதவன் சொல்வான். அதே குதிரையின் முதுகெலும்போ கூரை முகடு போல எழுந்து நிற்கும். எனவே கை வைத்துத் தடவிப் பார்க்க வேண்டும். ஸுலைமான் (அலை) அவர்களின் முன் மாலை வேளையில் உயர்ரகக் குதிரைகள் கொண்டுவரப்பட்டதையும், அவர்கள் அவற்றின் கால்களையும் கழுத்துகளையும் தடவியதையும் ஸாத் அத்தியாயம் குறிப்பிடுகிறது. அதனை வாளால் வெட்டியதாகப் பொருள் கொண்ட விரிவுரையாளர்களும் உளர். ஆனால் அன்போடு கையால் தடவினார்கள் என்ற இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களின் விளக்கத்தையே தபரீ (ரஹ்) அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். குற்றமற்ற பிராணியை ஒரு நபி வதைத்திருக்க மாட்டார் என்பது அவர்களது நியாயம்.

எங்கெங்கு தடவுவது? 1983 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சாஸில் ஹென்னெக் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் இதனை ஒரு முறையாக வகுத்தனர். இன்று உலகெங்கும் மிருக வைத்தியர்கள் அதனையே பெரிதும் கையாளுகின்றனர். பிடரி, முன்முதுகின் மேடு, தோளின் பின்புறம், விலா, இடுப்பின் மேற்புறம், வாலின் அடி ஆகிய ஆறு இடங்களிலும் தோலுக்குக் கீழே எவ்வளவு கொழுப்புப் படிந்துள்ளது என்று கையால் உணர்ந்து, 1 முதல் 9 வரை புள்ளியிடுவர். 1 என்பது எலும்புக்கூடு; 9 என்பது நடக்கவே சிரமப்படும் கொழுப்பு. நடுவிலுள்ள 5 இன் அடையாளம் எளிது: விலா கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விரலை வைத்ததும் தட்டுப்படும். முதுகு மட்டமாக இருக்கும். நடுவில் பள்ளமும் இராது, முகடும் இராது. விரலை அழுத்தித் தேடினால்தான் விலா அகப்படும் என்றால் குதிரை கொழுத்துவிட்டது. தூரத்திலிருந்தே விலாக்களை எண்ணலாம் என்றால் மெலிந்துவிட்டது. அந்த ஆய்வாளர்கள் இதனை வகுத்தது பெட்டைக் குதிரைகளின் கருத்தரிப்பைப் பற்றி ஆராயும்போதாகும். 5 க்குக் கீழே மெலிந்த பெட்டைகள் கருத்தரிப்பது குறைகிறது என்று கண்டனர்.

மதீனாவுக்குத் திரும்புவோம். நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள் என்பதை இப்னு உமர் (ரழி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உள்ளது. பந்தயம் இரு வகுப்பாக நடந்தது. மெலிய வைத்துப் பழக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யா என்ற இடத்திலிருந்து ஸனிய்யதுல் வதா வரையான தூரம். அது ஐந்து அல்லது ஆறு மைல் என்று அறிவிப்பாளர் ஸுஃப்யான் (ரஹ்) கூறுகிறார்கள். அவ்வாறு பழக்கப்படாத குதிரைகளுக்கு ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை. அது ஒரு மைல் மட்டுமே. இளைஞரான இப்னு உமர் (ரழி) அவர்களும் அப்பந்தயத்தில் ஓடினார்கள். வாலிபர்களே, இந்த ஏற்பாட்டைச் சற்று நிதானித்துப் பாருங்கள். கொழுத்த குதிரையை ஆறு மைல் ஓடவிட்டால் என்ன நேரும் என்பதை அறிந்தே தூரம் குறைக்கப்பட்டுள்ளது. உடல் நிலைக்கேற்ப வேலையை அளந்து கொடுக்கும் நீதி அது.

அவ்வாறு மெலிய வைத்துப் பழக்குவதற்கு அரபியில் "தழ்மீர்" என்று பெயர். அதன் முறையை மொழியறிஞர்களும் ஹதீஸ் விரிவுரையாளர்களும் விளக்கியுள்ளனர். முதலில் குதிரைக்கு நன்றாகத் தீனி கொடுத்துக் கொழுக்க வைப்பர். பின்னர் உயிர் தரிக்கத் தேவையான அளவுக்குத் தீனியைக் குறைப்பர். ஓர் அறைக்குள் நிறுத்தி, மேலே துணிகளைப் போர்த்தி, வியர்க்கச் செய்வர். வியர்வை காய்ந்து, உடல் இறுகி, ஓடும் வலிமை பெறும். இதற்கு நாற்பது நாட்கள் என்று அகராதிகள் கணக்குக் கூறுகின்றன. அந்தக் காலப்பகுதிக்கும் ஓடும் களத்துக்கும் "மிழ்மார்" என்ற ஒரே பெயர் வழங்கியது. போர்வையினால் வரும் வியர்வை உடலின் நீரையே வெளியேற்றுகிறது, கொழுப்பை அன்று என்பது இன்று நாம் அறிந்த உண்மை. கொழுப்பைக் கரைத்தது குறைக்கப்பட்ட தீனியும் நாளாந்த ஓட்டமுமே. ஆயினும் அம்முறையின் மூன்று அடிப்படைகள் இன்றும் பிசகவில்லை: முதலில் வலிமையூட்டிய பின்பே குறைத்தனர், குறைத்ததையும் உயிர்த் தேவைக்குக் கீழே கொண்டுபோகவில்லை, வாரக்கணக்கில் அவகாசம் எடுத்துக்கொண்டனர்.

அவகாசம் ஏன் தேவை என்பதைக் குதிரையின் குடல் சொல்லும். இவ்வளவு பெரிய பிராணியின் இரைப்பை மிகச் சிறியது. 8 முதல் 15 லீற்றர் வரையே கொள்ளும். அதனால் வாந்தி எடுக்கவும் முடியாது. புல்லின் நாரைச் செரிக்க வைப்பவை பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள். அவை ஒரு தீனிக்குப் பழகியிருக்கும்போது திடீரென மற்றொன்றைக் கொட்டினால் அங்கு புளிப்பு உண்டாகி, வயிற்று வலி கண்டு, சில வேளை குளம்பினுள் அழற்சி ஏற்பட்டுக் குதிரை நிற்கவே முடியாமற் போகும். வாற்கோதுமையை அளவுக்கு மீறித் தின்ற குதிரை நோயுற்று வாய் நாறும் நிலைக்கு அரபு அகராதிகளில் தனிச் சொல்லே உண்டு; "ஹமர்" என்பர். ஒரு நோய்க்குத் தனிப் பெயர் வைக்கும் அளவுக்கு அவர்கள் அதைப் பலமுறை கண்டிருக்கிறார்கள்! கொடுமையினால் மட்டுமல்ல, மிதமிஞ்சிய செல்லத்தினாலும் குதிரை சாகும். பிள்ளையின் கோப்பையில் சோற்றைக் குவிப்பதே பாசம் என்று நினைக்கும் தாய்மார் இதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

அளவு எவ்வளவு? குதிரையைத் தராசில் ஏற்றாமலே எடையைக் கணிக்க ஒரு வழி உண்டு. முன்னங்கால்களின் பின்னால் மார்பின் சுற்றளவைச் சென்றிமீற்றரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, பின்னர் தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரையான நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ எடை கிடைக்கும். சுற்றளவு 170, நீளம் 150 என்றால் எடை சுமார் 365 கிலோ. நாளொன்றுக்கு உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு காய்ந்த தீனி என்று கொண்டால் அதற்கு 7.3 கிலோ வேண்டும். பச்சைப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு நீர் என்பதால், புல்லாகக் கொடுப்பின் 36 கிலோ அளவில் தேவைப்படும். மெலிந்த குதிரைக்கு இவ்வளவைச் சற்றுக் கூட்டலாம். கொழுத்ததற்கு ஒன்றரைப் பங்கு வரை குறைக்கலாம். அதற்கும் கீழே குறைப்பது ஆபத்து. கூட்டுவதாயினும் குறைப்பதாயினும் ஏழு முதல் பத்து நாட்களில் சிறிது சிறிதாகச் செய்ய வேண்டும். பாதிக்கு மேல் புல்லாகவோ உலர்புல்லாகவோ இருக்க வேண்டும்; தானியம் துணை மாத்திரமே. பட்டினியால் எலும்பான குதிரை கிடைத்தால், இரக்கப்பட்டு ஒரு வாளி தானியத்தை முன்னால் வைப்பவன் அதைக் கொன்றுவிடக் கூடும். நல்ல உலர்புல்லைச் சிறுகச் சிறுக, நாளில் பலமுறை கொடுப்பதே அதற்கு மருந்து.

அப்பாஸியக் குதிரை லாயங்களோடு தொடர்புடைய இப்னு அகீ ஹிஸாம் மூன்றாம் ஹிஜ்ரி நூற்றாண்டிலும், செவில் நகரத்து இப்னுல் அவ்வாம் கி.பி. பன்னிரண்டாம் நூற்றாண்டிலும், மம்லூக் சுல்தான் நாஸிர் முஹம்மதின் மிருக வைத்தியரான அபூபக்ர் இப்னு பத்ர் அதன் பின்னரும் குதிரை பேணுதல் பற்றி எழுதினார்கள். அவை தனியே பேசப்பட வேண்டியவை. எங்கள் மொழி வழங்கும் கரைக்கு வந்த குதிரைகளின் கதையோ சோகமானது. அதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாரசீக வளைகுடாவிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் மஅபர் எனப்பட்ட பாண்டிய நாட்டுக் கரைக்கும் குஜராத் முதலிய துறைமுகங்களுக்கும் கப்பலேறின. ஃபாரிஸை ஆண்ட அதாபெக் அபூபக்ரின் காலத்தில் அந்தத் தொகை பத்தாயிரம் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். பின்னர் கீஷ் தீவின் அதிபதி ஜமாலுத்தீன் தைய்யிபீ தமது குதிரைகளில் 1,400 ஐ ஆண்டுதோறும் அனுப்ப உடன்பாடு செய்தார். ஒன்றின் விலை 220 பொற்காசுகள். கடலில் இறந்த குதிரைக்கும் அதே விலை! அவரது சகோதரர் தகிய்யுத்தீன் காயலில் இருந்து பாண்டிய மன்னனுக்கு அமைச்சராகப் பணியாற்றினார். குதிரை வீரன் என்று பொருள்படும் இராவுத்தர் என்ற சொல் அந்தக் கரையில் ஒரு முஸ்லிம் சமூகத்தாரின் பெயராகவே இன்றும் வாழ்கிறது.

வந்திறங்கிய குதிரைகளுக்கு என்ன நேர்ந்தது? பச்சை வாற்கோதுமைக்குப் பதிலாக வறுத்த வாற்கோதுமையும் நெய்யிட்டுச் சமைத்த தானியமும் கொடுத்தனர். குடிக்கக் காய்ச்சிய பசும்பால் வைத்தனர். முளையடித்துக் கயிற்றால் கட்டி, கொழுக்கட்டும் என்று நாற்பது நாட்கள் லாயத்திலேயே நிறுத்தினர். பின்னர் எந்தப் பயிற்சியுமின்றி, அங்கவடி முதலிய சேணச் சாமான்களுமின்றி, திடீரென ஏறிப் பாய்ந்தனர். மிக வலிய குதிரைகளும் குறுகிய காலத்தில் சோர்ந்து பயனற்றுப் போயின என்கிறார் வஸ்ஸாஃப். மார்க்கோ போலோவும், மன்னன் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் குதிரை வாங்கியும் ஆண்டிறுதியில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும், சோற்றோடு வேகவைத்த இறைச்சியை அவற்றுக்குக் கொடுத்தனர் என்றும் எழுதுகிறார். விற்பனை குறையாதிருக்கும் பொருட்டுக் குதிரை வைத்தியர் எவரையும் அங்கு செல்ல வணிகர்கள் விடுவதில்லை என்பதும் அவர் கூற்று. பிறநாட்டார் எழுத்தில் மிகைப்படுத்தல் இருக்கலாம்; வெப்பமும் மேய்ச்சல் நிலக் குறைவும் தம் பங்கைச் செய்திருக்கும். ஆனால் அந்த நாற்பது நாட்கள் என் மனத்தை உறுத்துகின்றன. மதீனாவின் மரபிலும் நாற்பது நாட்கள். காயலின் லாயத்திலும் நாற்பது நாட்கள். ஒன்றில் குதிரை ஓடப் பழகியது. மற்றொன்றில் நின்றபடியே கொழுத்தது. விற்றவர்களுள் நமது மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் பெரும்பான்மையினர். தழ்மீரின் அறிவும் அவர்களிடமே இருந்தது. மார்க்கோ போலோ கூறியது உண்மையாயின், குதிரையை விற்று அறிவை மறைத்த அந்த வியாபாரத்துக்கு எந்த நியாயமும் கிடையாது.

நமது நாட்டிலும் நெடுந்தீவில் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வளர்த்த குதிரைகளின் வழித்தோன்றல்கள் இன்றும் கட்டுப்பாடின்றித் திரிகின்றன. 2015 இல் அங்கு தேசிய பூங்காவொன்று பிரகடனப்படுத்தப்பட்டது. அவை எவருக்கும் சொந்தமானவையல்ல. ஆகவே வரட்சி வந்து விலா தெரியும்போது எவரது கொடுப்பனவைக் குறைப்பது என்ற கேள்விக்கு விடையில்லை.

தீனியைத் தன் கையாலேயே ஆய்ந்து கொடுப்பதற்குத் தமீமுத்தாரீ (ரழி) அவர்களை விடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ரவ்ஹ் இப்னு ஸின்பாஃ என்பவர் அவர்களைச் சந்திக்கச் சென்றபோது, குடும்பத்தார் சூழ்ந்திருக்க, அவர்கள் தம் குதிரைக்கு வாற்கோதுமையைத் துப்புரவு செய்துகொண்டிருந்தார்கள். இவர்களுள் ஒருவர் இதைச் செய்யக் கூடாதா என்று வந்தவர் கேட்டார். செய்யக் கூடியவர்கள் இருக்கிறார்கள்தாம். ஆனால் குதிரைக்காகத் துப்புரவு செய்யும் ஒவ்வொரு தானியத்துக்கும் ஒரு நன்மை எழுதப்படுவதாக நபி (ஸல்) கூறத் தாம் கேட்டிருப்பதாக அவர்கள் பதிலளித்தார்கள். முஸ்னத் அஹ்மதில் இச்செய்தி உள்ளது. நன்மை ஒருபுறமிருக்க, கல்லும் தூசும் பூஞ்சணமும் குதிரையின் குடலுக்குப் பகை என்பதை அவ்விரல்கள் அறிந்திருந்தன.

ஃபுஸ்தாத்தின் மேய்ச்சல் எங்கிருந்து கற்கப்பட்டது என்பதையும் கூறி முடிக்கிறேன். முஸ்லிம்களின் குதிரைகளுக்காக நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு அப்பால் நகீஃ என்ற புல்வெளியை ஒதுக்கினார்கள். உமர் (ரழி) அவர்கள் ஷரஃப், ரபதா ஆகிய இடங்களையும் ஒதுக்கினார்கள். ஒதுக்கப்பட்ட நிலத்துக்குக் காவலராகத் தமது பணியாளர் ஹுனையை நியமித்தபோது அவர்கள் கொடுத்த அறிவுரையை புகாரியில் காணலாம். மக்கள் மீது கை ஓங்காதே, அநீதிக்குள்ளானவனின் பிரார்த்தனையை அஞ்சிக்கொள் என்றார்கள். சில ஒட்டகமும் சில ஆடும் மாத்திரமே உள்ள ஏழையை உள்ளே விடு. இப்னு அவ்ஃபின் மந்தையையும் இப்னு அஃப்பானின் மந்தையையும் விடாதே என்றார்கள். அவ்விரு செல்வந்தர்களின் கால்நடைகள் அழிந்தாலும் பேரீச்சந் தோட்டங்களும் வயல்களும் அவர்களுக்கு மிஞ்சியிருக்கும். ஏழையின் ஆடுகள் அழிந்தாலோ அவன் தன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கலீஃபாவின் வாசலுக்கு வந்து முறையிடுவான். அப்போது பொன்னும் வெள்ளியும் கொடுப்பதை விட இப்போது நீரும் புல்லும் கொடுப்பது தமக்கு இலேசு என்று கணக்கும் சொன்னார்கள். இறுதியாக, அல்லாஹ்வின் பாதையில் மக்களைத் தாம் ஏற்றி அனுப்பும் அந்த வாகனப் பிராணிகள் இல்லாதிருந்தால், மக்களின் நிலத்தில் ஒரு சாணைக்கூடத் தாம் ஒதுக்கியிருக்க மாட்டோம் என்று சத்தியமிட்டுக் கூறினார்கள்.